வாசகர் கேள்விகள்: படகின் அடிவயிற்றுக்கு எந்தப் பெயின்ட்?

கேள்வி: எங்கள் ஃபைபர்கிளாஸ் படகின் பில்ஜில் (தண்ணீர் வந்து தங்கும் அடிப்பள்ளத்தில்), அதிலும் இன்ஜினுக்கு நேர் கீழே, ஆறு மாதத்துக்கு முன்புதான் பெயின்ட் அடித்தோம். இப்போது அது தகடு தகடாக உரிந்து, பம்பின் வடிகட்டியில் போய் அடைத்துக்கொள்கிறது. கடையில் இருந்ததிலேயே விலை கூடிய பெயின்ட்டைத்தான் வாங்கியிருந்தோம். இந்த முறை எதை வாங்குவது?

பதில்: வாங்குவதற்கு முன், உரிந்த தகடு ஒன்றை எடுத்துத் திருப்பி, அதன் அடிப்பக்கத்தை விரலால் தடவிப் பாருங்கள். அது வழவழவென்றும் சற்றே பிசுபிசுப்பாகவும் இருந்தால், இடையில் எண்ணெய்ப் படலம் இருந்திருக்கிறது, பெயின்ட் பரப்பைப் பிடிக்கவே இல்லை என்று பொருள். பழைய பெயின்ட்டும் சேர்ந்து ஒட்டிக்கொண்டு வந்திருந்தால், நீங்கள் அடித்தது நன்றாகத்தான் பிடித்திருக்கிறது. கீழே இருந்த பழைய பூச்சுதான் கைவிட்டிருக்கிறது. முதலாவதுக்குக் கழுவுவது மருந்து, இரண்டாவதுக்குச் சுரண்டுவது மருந்து. இரண்டில் எதற்கும் இன்னும் விலை கூடிய டப்பா மருந்தாகாது.

படகுக்குள் கசியும் தண்ணீர், டீசல், இன்ஜின் எண்ணெய் ஆகிய எல்லாம் கடைசியில் வந்து தங்கும் பள்ளம் என்பதால், பில்ஜில் சுத்தம் என்பது கண்ணால் பார்த்து முடிவு செய்யக்கூடியது அன்று. பலரும் முதலில் உப்புத்தாளைக் கையில் எடுத்துவிடுகிறார்கள். எண்ணெய் இருக்கும் பரப்பில் உப்புத்தாள் போட்டால், அது எண்ணெயை எடுப்பதற்குப் பதிலாகக் கீறல்களுக்குள் தேய்த்து ஏற்றிவிடும். என் முதல் படகில் நானும் இதையே செய்தேன். இரண்டு நாள் முழங்காலில் நின்று அடித்த பெயின்ட், ஒரே பருவத்தில் நகத்தால் நிமிண்டினாலே எழுந்து வந்தது. ஆகவே தண்ணீரை முழுவதும் இறைத்துவிட்டு, எண்ணெய் நீக்கும் திரவத்தைத் தெளித்துச் சிறிது நேரம் ஊறவிட்டு, விறைப்பான பிரஷால் தேய்த்து, நல்ல தண்ணீரால் இரண்டு மூன்று முறை கழுவுங்கள். அந்தக் கழுநீரைப் பம்பு போட்டு வெளியே தள்ளிவிடாதீர்கள். அந்தத் திரவம் எண்ணெயை அழிப்பதில்லை, நுண்துளிகளாக உடைத்துக் கலக்க மட்டுமே செய்கிறது. அதை டப்பாவில் பிடித்துக் கழிவு எண்ணெயோடு சேர்த்துக் கொடுங்கள்.

கடைசியாக ஊற்றும் நல்ல தண்ணீரே உங்களுக்குச் சோதனையும் ஆகும். தண்ணீர் முத்து முத்தாகத் திரண்டு உருண்டால் அங்கே இன்னும் எண்ணெயோ மெழுகோ இருக்கிறது. உடையாத மெல்லிய படலமாகப் பரவி நின்றால் அந்த இடம் தயார். முழுக்க உலர்ந்த பிறகு, தின்னர் நனைத்த துணியால் ஒரு கை துடைக்க, அது ஆவியாவதற்குள் இன்னொரு கை உலர்ந்த துணியால் ஒற்றி எடுக்க வேண்டும். ஒரே துணியால் துடைத்தால் எண்ணெய் இடம் மாறுமே தவிரப் போகாது. உப்புத்தாளின் முறை இதற்குப் பிறகுதான். 80 அல்லது 100 எண் தாளால் மினுமினுப்புப் போகும்வரை தேய்த்து, தூசியை உறிஞ்சி எடுத்து, மறுபடி ஒருமுறை துடைத்துவிடுங்கள்.

இனி உங்கள் கேள்விக்கு வருகிறேன். இன்ஜினுக்குக் கீழே என்றால் என் தேர்வு இரண்டு பாகங்களைக் கலந்து அடிக்கும் எபாக்சி பெயின்ட்தான். அது காற்றில் உலர்வதில்லை; இரண்டாவது பாகமான ஹார்டனரோடு வினைபுரிந்து இறுகுகிறது. அதனால்தான் தேங்கும் தண்ணீரும் டீசலும் அதை எளிதில் இளக்க முடிவதில்லை. வெயிலில் மாவு பூப்பது, அதாவது மேற்பரப்பு பொடியாக உதிர்வது, எபாக்சியின் பெரிய குறை. வெயிலே எட்டிப் பார்க்காத பில்ஜில் அது ஒரு குறையே அன்று. ஒற்றை டப்பா எனாமல், பெரும்பாலும் உலர்ந்தே கிடக்கும் பில்ஜுக்குப் போதுமானது. அடிப்பதும் திருத்துவதும் எளிது, ஆனால் டீசல் தேங்கும் இடத்தில் மெதுவாக இளகிவிடும். மேல்தளத்துக்கு அடித்து மீந்துபோன இரண்டு பாக பாலியூரித்தேனை இங்கே தீர்த்துவிடலாம் என்று நினைக்க வேண்டாம். இடைவிடாமல் தண்ணீரில் ஊறினால் அது கொப்புளம் விடக்கூடியது.

ஆனால் பழைய பெயின்ட் எங்கேனும் உறுதியாக ஒட்டிக்கொண்டிருந்தால், தேர்வு உங்கள் கையில் இல்லை, அதன் கையில் இருக்கிறது. எபாக்சி தின்னரில் நனைத்த துணியை அதன்மேல் சில நிமிடங்கள் வைத்து எடுத்துப் பாருங்கள். பெயின்ட் சுருங்கினாலோ துணியில் நிறம் இறங்கினாலோ, அது ஒற்றை டப்பா வகை. அதன்மேல் எபாக்சி அடித்தால் அதிலுள்ள கரைப்பான் பழையதைக் கிளப்பிவிடும். அப்போது முழுவதும் சுரண்டி எடுப்பது, அல்லது எனாமலோடு நின்றுகொள்வது என்ற இரண்டு வழிகளே உண்டு.

கேள்வி: சிறிய கேபின் படகு. தலையை உள்ளே விட்டுத்தான் அடிக்க வேண்டும். வாடை தாங்க முடியவில்லை. துணியால் மூக்கைக் கட்டிக்கொண்டால் போதுமா?

பதில்: போதாது, தூசிக்கான முகக்கவசமும் போதாது. கரைப்பான் ஆவி காற்றைவிடக் கனமானது, ஆகவே அது நீங்கள் குனிந்திருக்கும் அந்தப் பள்ளத்திலேயே தேங்கி நிற்கும். கரிம ஆவியைத் தடுக்கும் குடுவை பொருத்திய முகமூடி வேண்டும். அதுவும் காற்றை வடிகட்டுமே தவிரப் புதிய காற்றைத் தராது என்பதால், மின்விசிறியைப் படகுக்கு வெளியே வைத்து, ஒரு குழாய் வழியாகப் பள்ளத்தின் அடிவரை நல்ல காற்றைத் தள்ளுங்கள். உங்களைப் பார்த்துக்கொண்டு ஒருவர் வெளியே இருக்கட்டும்.

இன்னொன்றைப் பலரும் மறக்கிறார்கள். பில்ஜ் பம்பின் மிதவை சுவிட்ச் தானாக இயங்கக்கூடியது. ஆவி நிறைந்த பள்ளத்தில் அதன் ஒரு சிறு பொறியே தீப்பிடிக்கப் போதும். வேலை தொடங்கும் முன் பாட்டரி இணைப்பைக் கழற்றிவிடுங்கள். பம்பு நின்றுவிட்ட படகு தண்ணீரில் மிதந்துகொண்டிருப்பது நல்லதன்று என்பதால், கரையேற்றிய பின்பே இந்த வேலையை வைத்துக்கொள்வதுதான் முறை.

உள்ளே இருக்கும் நேரத்தைக் குறைக்கவும் வழியுண்டு. எபாக்சியைக் குவளையில் குவியலாக வைத்திருந்தால் அது தன் சூட்டிலேயே சீக்கிரம் இறுகும். டப்பாவில் சொன்ன விகிதத்தில் கொஞ்சமாகக் கலந்து, அகலமான தட்டில் பரப்பி வைத்துக்கொள்ளுங்கள். மூலைகளைப் பிரஷால் முதலில் முடித்து, சமதளங்களைச் சிறிய ரோலரால் தேய்த்து, தூரமான முனையிலிருந்து வாசலை நோக்கி வாருங்கள். கனமான ஒரு பூச்சைவிட மெல்லிய இரண்டு நல்லது. இரண்டாவதை டப்பாவில் குறித்த கால வரம்புக்குள் அடித்தால் தேய்க்கும் வேலை மிச்சம். பரப்பின் வெப்பநிலை, காற்றிலுள்ள ஈரம் நீராகப் படியத் தொடங்கும் வெப்பநிலையான பனிநிலையைவிடக் குறைந்தது 3 டிகிரி செல்சியஸ் கூடுதலாக இல்லாவிட்டால் கண்ணுக்குத் தெரியாத ஈரம் படிந்துவிடும். ஆகவே விடியற்காலையில் தொடங்காதீர்கள். தொட்டால் ஒட்டவில்லை என்பதற்காக உடனே தண்ணீர் விட்டுவிடவும் வேண்டாம்; எபாக்சி முழுமையாக இறுகப் பொதுவாக ஒரு வாரம் பிடிக்கும்.

கேள்வி: பலகைகளை இணைத்துக் கட்டிய பழைய மரப்படகு. பில்ஜ் முழுவதையும் எபாக்சியால் மூடிவிட்டால் கசிவு நிற்குமா?

பதில்: நிற்காது, கெடுதலும் வரும். மரம் ஈரத்தில் ஊதும், உலர்ந்தால் சுருங்கும். பலகைகள் அப்படி அசையும்போது கெட்டியான எபாக்சிப் படலம் இணைப்புகளில் வெடிக்கும். வெடிப்பின் வழியே புகும் தண்ணீர் படலத்துக்கு அடியில் சிறைப்பட்டு மரத்தை உளுத்துப்போகச் செய்யும். மழைத் தண்ணீர் என்றால் இன்னும் மோசம், ஏனெனில் மரத்தை உளுத்துப்போகச் செய்யும் பூஞ்சைக்கு உப்பு நீரைவிட நன்னீரே பிடித்தமானது. கசிவை இணைப்பில் அடைத்துச் சரிசெய்துவிட்டு, மரம் நன்றாக உலர்ந்த பின் வளைந்துகொடுக்கும் எனாமல் வகையை அடியுங்கள். குறுக்குச் சட்டங்களின் அடியில் தண்ணீர் ஓடுவதற்காக விட்டிருக்கும் துளைகளைப் பெயின்ட் அடைத்துவிடாதபடி, அடிக்கும்போது ஒவ்வொன்றிலும் ஒரு கயிற்றைச் செருகி வைத்து, பெயின்ட் இறுகும் முன் உருவிவிடுங்கள்.

கேள்வி: அழுக்குத் தெரியாமல் இருக்கக் கருஞ்சாம்பல் நிறம் நல்லதுதானே?

பதில்: அழுக்குத் தெரிய வேண்டும் என்பதற்காகத்தானே அடிக்கிறோம்! வெள்ளை, அல்லது மிக வெளிர் சாம்பல். ஒரு சொட்டு எண்ணெய் விழுந்த அன்றே தெரியும். கைதவறிய நட்டும் கிடைக்கும்.

கேள்வி: அலுமினியப் படகு. வீட்டில் ரெட் லெட் பிரைமர் (ஈயம் கலந்த சிவப்பு அடிப்பூச்சு) பாதி டப்பா இருக்கிறது. வீணாக்காமல் பயன்படுத்தலாமா?

பதில்: கூடாது. ஈயமோ செம்போ கலந்த பூச்சு, ஈரத்தில் அலுமினியத்தோடு மின்கலம்போல் இயங்கி உலோகத்தை அரிக்கும். அலுமினியத்துக்கென்று குறித்த எபாக்சி பிரைமரை, பரப்பைத் தேய்த்த அன்றே அடியுங்கள். தேய்த்த அலுமினியத்தில் ஆக்சைடு படலம் மறுபடி படியத் தொடங்கிவிடும். அரிப்பைத் தாங்குவதற்காகப் பொருத்தியிருக்கும் துத்தநாகக் கட்டிகளை முன்கூட்டியே காகிதம் சுற்றி மூடிவிடுங்கள். அவற்றின்மேல் பெயின்ட் பட்டால் அவை இருந்தும் இல்லாததற்குச் சமம்.