தராசு முள் நகரவில்லை: நிறை குறைப்பு பற்றிய வாசகர் கேள்விகள்

கேள்வி: 84 கிலோவில் தொடங்கி ஐந்து மாதத்தில் 76க்கு வந்தேன். முதல் மாதத்திலேயே மூன்றரைக் கிலோ குறைந்தது. இப்போது ஆறு கிழமையாக அதே 76தான். சோற்றைப் பாதியாக்கினேன், பின்னேரம் அரை மணித்தியாலம் நடக்கிறேன், ஒன்றையும் மாற்றவில்லை. இரவுச் சாப்பாட்டையும் விட்டுவிடட்டுமா?
– வாசகி, வயது 46, களுவாஞ்சிகுடி

பதில்: விட வேண்டாம். இரவுப் பட்டினி நாலு நாளைக்கு நிறையைக் குறைத்துக் காட்டும். ஐந்தாம் நாள் இரவு பதினொரு மணிக்கு அடுக்களையில் மிச்சப் பாணையும் சம்பலையும் தேட வைக்கும்.

முதல் மாதம் போன மூன்றரைக் கிலோவும் கொழுப்பு அல்ல. ஈரலும் தசையும் சுமார் அரைக் கிலோ மாச்சத்தைச் சேமித்து வைத்திருக்கும். அதில் ஒவ்வொரு கிராமும் ஏறக்குறைய மூன்று கிராம் நீரைப் பிடித்துக்கொண்டிருக்கும். சோற்றைக் குறைத்ததும் இந்தச் சேமிப்பில் ஒரு பகுதி கரைய, அதன் நீரும் சேர்ந்து போய்விடும். அந்த வேகத்தை மனதில் வைத்துக்கொண்டு இப்போதைய வேகத்தை அளந்தால் ஏமாற்றம்தான் வரும்.

84 கிலோ உடம்பைச் சுமக்க எரிந்த சக்தி 76 கிலோ உடம்புக்குத் தேவையில்லை. அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனத்தின் கெவின் ஹோலும் சக ஆய்வாளர்களும் 2016இல் வெளியிட்ட கணக்கின்படி, குறைகின்ற ஒவ்வொரு கிலோவுக்கும் உடல் எரிப்பது நாளொன்றுக்கு 20 முதல் 30 கலோரி வரை குறைகிறது. பசியோ கிலோவுக்கு 100 கலோரி அளவு கூடுகிறது. எட்டுக் கிலோ குறைந்த உங்களுக்கு எரிப்பில் மட்டும் 160 முதல் 240 கலோரி வரை போய்விட்டது. ஐந்து மாதத்தில் எட்டுக் கிலோ என்றால், ஒரு கிலோ கொழுப்புக்கு 7,700 கலோரி என்ற கணக்கில், நாளுக்குச் சராசரியாக 400 கலோரி குறைத்திருக்கிறீர்கள். அதில் பாதியை உடம்பு எடுத்துக்கொண்டது. மற்றப் பாதி எங்கே போனது என்று அடுக்களையில் தேட வேண்டும். கூடிய பசி நமக்குத் தெரியாமலே அகப்பையைச் சற்று நிரப்பிவிடும். உங்கள் மனவுறுதியில் குறை என்று நினைக்காதீர்கள்.

தேடுவதற்கு முன் நிறை உண்மையிலேயே நின்றுவிட்டதா என்று பாருங்கள். தராசைப் பாயில் வைக்காமல் சீமெந்துத் தரையில் வையுங்கள். காலையில் மலசலம் கழித்த பின், தேத்தண்ணிக்கு முன், ஏழு நாளும் நிறுத்து எழுதி அதன் சராசரியை எடுங்கள். ஒரு கிழமைச் சராசரியை அடுத்த கிழமைச் சராசரியோடு மட்டும் ஒப்பிடுங்கள். முதல் நாள் கருவாட்டுக் குழம்பு சாப்பிட்டாலோ, மாதவிடாய் நெருங்கினாலோ, மலச்சிக்கல் இருந்தாலோ, புதிதாக உடற்பயிற்சி தொடங்கினாலோ ஒரு கிலோ, சிலருக்கு இரண்டு கிலோகூட நீராக ஏறி நிற்கும். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல் விளிம்புக்கும் நடுவே, மூச்சை இயல்பாக விட்ட நிலையில், அளவு நாடாவைச் சுற்றி இடுப்பையும் அளந்து எழுதுங்கள். நிறை நிற்க இடுப்பு குறைந்துகொண்டு போனால் கொழுப்புக் கரைகிறது, ஒன்றையும் மாற்றத் தேவையில்லை. நாலு கிழமைச் சராசரியும் இடுப்பும் அசையாவிட்டால்தான் அது தேக்கம்.

இனி அடுக்களை. ஒரு கிழமைக்குச் சிறிய சமையல் தராசு ஒன்றை இரவலாவது வாங்கி, வாயில் போகும் எல்லாவற்றையும் எழுதுங்கள். "பாதிச் சோறு" என்பது கண்ணளவு, மாதக் கணக்கில் அது வளரும். வெந்த சோறு 100 கிராமில் 130 கலோரி. 150 கிராம் என்று நினைத்துப் போடுவது 220 கிராமாக இருந்தால் ஒரு வேளைக்கு 90 கலோரி கூடிவிட்டது. எண்ணெய் எதுவானாலும் ஒரு மேசைக்கரண்டியில் 120 கலோரி. தேங்காய் எண்ணெய்க்கு மட்டும் சலுகை கிடையாது. தேங்காய்ப்பூ 100 கிராமில் 350 கலோரி. பிட்டுக்குள் தேங்காய்ப்பூ, பக்கத்தில் சம்பல், மேலே சொதி என்று நமது காலைச் சாப்பாட்டில் தேங்காய் மூன்று முறை வருகிறது. மூன்றில் ஒன்றை நிறுத்தினாலே பெரிய மாற்றம். சொதியை முதற்பால் விடாமல் கப்பிப்பாலில் வைக்கலாம்.

பலர் எழுத மறப்பது தேத்தண்ணி. இரண்டு தேக்கரண்டி சீனி 40 கலோரி, ஒரு மேசைக்கரண்டி பால்மா 40 கலோரி. நாளுக்கு நாலு கோப்பை என்றால் 320. உங்கள் நடைக்கு அரை மணித்தியாலத்தில் எரிவது ஏறக்குறைய 120தான். பிள்ளை மிச்சம் வைத்த பாண் துண்டு, உப்புப் பார்க்க ஊற்றிய குழம்பு, பின்னேரம் ஒரு கை கஜு (30 கிராமில் 165 கலோரி) எல்லாவற்றையும் எழுத வேண்டும்.

சிவப்பரிசிக்கும் குரக்கனுக்கும் மாறினேன் என்று நிறையப் பேர் எழுதுகிறார்கள். நல்ல மாற்றம்தான், நார்ச்சத்து அதிகம், வயிறு நிறைந்திருக்கும். ஆனால் குரக்கன் மாவின் கலோரி கோதுமை மாவின் கலோரிக்கு ஏறக்குறையச் சமம். "குரக்கன்தானே" என்று ஒரு பிட்டு மேலதிகமாக எடுத்தால் வந்த நன்மை போய்விடும்.

நாளுக்கு 200 முதல் 250 கலோரி குறைத்தால் போதும், அதற்கு மேல் வேண்டாம். அந்தக் கணக்கில் மாதத்துக்கு ஒரு கிலோவுக்குச் சற்றுக் குறைவாக இறங்கும். கூடவே புரதத்தை நாளுக்கு 80 கிராமுக்குக் கொண்டுவாருங்கள். பசியை அடக்கவும் தசையைக் காக்கவும் அதுதான் கைகொடுக்கும். 100 கிராம் மீனில் 20 கிராம், ஒரு முட்டையில் 6, அவித்த பயறு 100 கிராமில் 7, அவித்த பருப்பு 100 கிராமில் 9. காலையில் இரண்டு முட்டையும் அவித்த பயறும், மதியம் பாரை, கீரி, சூடை எதுவானாலும் 120 கிராம் மீனும் பருப்பும், இரவு மீண்டும் அதே அளவு மீனோ கோழியோ என்றால் கிட்டத்தட்ட வந்துவிடும். மீன் பொரியலாகாமல் குழம்பாக இருக்கட்டும். சிறுநீரக வருத்தம் உள்ளவர்கள் வைத்தியரைக் கேட்காமல் புரதத்தைக் கூட்டக்கூடாது. தட்டில் பாதிக்கு மரக்கறியும் கீரைச் சுண்டலும் வையுங்கள். சுண்டலில் தேங்காய்ப்பூ இரண்டு மேசைக்கரண்டிக்கு மேல் வேண்டாம்.

நடையை மெல்ல மெல்ல 45 நிமிடமாக்குங்கள். கோடையில் காலை ஆறரைக்கு முன் அல்லது மாலை ஐந்தரைக்குப் பின் நடப்பது நல்லது. கிழமையில் இரண்டு நாள் தசைப் பயிற்சியும் சேருங்கள்: கதிரையிலிருந்து கை ஊன்றாமல் எழும்பி இருத்தல், சுவரில் கையூன்றித் தள்ளுதல், இரண்டு கையிலும் ஒன்றரை லீற்றர் தண்ணீர்ப் போத்தலைத் தூக்குதல். ஒவ்வொன்றும் 10 முதல் 12 தடவை, மூன்று சுற்று.

இன்னொன்றையும் மறக்காதீர்கள். தொடங்கிய நிறையில் நூற்றுக்கு ஒன்பதுக்கு மேல் குறைத்திருக்கிறீர்கள். இரத்த அழுத்தமும் சீனியும் இறங்குவதற்கு 5 முதல் 10 வீதமே போதும். களைத்துப் போயிருந்தால் இரண்டு மாதம் இதே 76இல் நின்றுவிட்டு மீண்டும் தொடங்கலாம். ஏறாமல் நிற்பதும் பெரிய வேலைதான்.

கேள்வி: எனக்கு 92 கிலோ. இரண்டு திட்டம் பார்த்திருக்கிறேன். ஒன்று, தூளைக் கரைத்துக் குடிப்பது, மாதத்தில் 10 கிலோ குறையும் என்கிறார்கள். மற்றது, கைத்தொலைபேசியில் உணவு அட்டவணை அனுப்பும் பயிற்றுநர். எதில் சேரலாம்?
– வாசகர், வயது 38, கல்லடி

பதில்: 10 கிலோ கொழுப்பு என்றால் 77,000 கலோரி. முப்பது நாளுக்குப் பிரித்தால் நாளுக்கு 2,566. உங்கள் உடம்பு ஒரு நாளில் எரிப்பதே அவ்வளவுதான் இருக்கும். ஒன்றுமே சாப்பிடாமல் இருந்தாலும் அந்தக் கணக்கு நிறைவேறுவது சந்தேகம். அப்படி வாக்குத் தருபவரிடம் சேர வேண்டாம்.

அதற்காகத் தூள் உணவே பொய் என்று சொல்லமாட்டோம். பிரித்தானியாவில் 2017இல் முதல் முடிவு வெளியான டைரெக்ட் ஆய்வில், நீரிழிவுள்ளவர்களுக்கு மூன்று முதல் ஐந்து மாதம் வரை நாளுக்கு 825 முதல் 853 கலோரி மட்டும் தூள் உணவாகக் கொடுத்தார்கள். ஓராண்டு முடிவில் 46 வீதமானோர் மருந்தில்லாமலே நீரிழிவற்ற நிலைக்கு வந்தார்கள். ஆனால் அங்கே தொடக்கத்திலேயே மருந்தை நிறுத்தி வைத்துக் கண்காணித்தார்கள், பிறகு கிழமைக் கிழமையாகச் சாப்பாட்டைத் திரும்பச் சேர்த்தார்கள், தொடர்ந்தும் கவனித்தார்கள். கடையில் தூளை மட்டும் வாங்குபவருக்கு இதில் எதுவும் கிடைக்காது. பேணி முடிந்ததும் பழைய சோற்றுத் தட்டு, பழைய நிறை.

அட்டவணையில் மாச்சத்தைக் குறைப்பதா, கொழுப்பைக் குறைப்பதா என்பதில் மண்டையை உடைக்க வேண்டாம். ஸ்டான்போர்ட் பல்கலைக்கழகம் 609 பேரை ஓராண்டு பின்தொடர்ந்து 2018இல் வெளியிட்ட ஆய்வில், கொழுப்பைக் குறைத்தவர்கள் சராசரியாக 5.3 கிலோவும் மாச்சத்தைக் குறைத்தவர்கள் 6 கிலோவும் குறைந்தார்கள். பொருட்படுத்தும் வித்தியாசம் இல்லை. எதை நீங்கள் ஓராண்டு சாப்பிடுவீர்கள் என்பதுதான் தீர்மானிக்கும்.

பயிற்றுநரிடம் இதைக் கேளுங்கள். நாளுக்கு எத்தனை கலோரி? 800க்குக் கீழ் என்றால் வைத்தியர் பார்க்காமல் தொடவே கூடாது. உங்கள் மருந்துகளையும் இரத்தப் பரிசோதனையையும் அவர் கேட்டாரா? அவரிடமே தூள், மாத்திரை வாங்க வேண்டுமா? விற்பனையில் பங்கு பெறுபவர் "இனி உங்களுக்கு இது தேவையில்லை" என்று சொல்வது அரிது. மூன்று மாதத்துக்குப் பின் என்ன திட்டம்? அட்டவணையில் ப்ரொக்கோலியும் ஒலிவ் எண்ணெயும் ஓட்ஸும் மட்டும் இருந்தால், பயிற்றங்காய், புடலங்காய், பயறு, சூடை மீன் வைத்து மாற்றித் தரச் சொல்லுங்கள். மாற்றத் தெரியாதவருக்கு உங்கள் வீட்டுச் சட்டி தெரியாது. "மூலிகை" என்று பெயரிட்ட மெலிவு மாத்திரைகளை ஒதுக்குங்கள். இருதயத்துக்கு ஆபத்து என்று 2010இல் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் விலக்கப்பட்ட சிபுட்ரமின் என்ற மருந்து அப்படிப்பட்ட மாத்திரைகளில் பல நாடுகளில் பிடிபட்டிருக்கிறது.

பணம் கட்டுமுன் அரச வைத்தியசாலையிலுள்ள ஆரோக்கிய வாழ்க்கை முறை நிலையத்துக்கு ஒரு முறை போங்கள். 35 வயது தாண்டியவர்களுக்கு நிறை, உயரம், இரத்த அழுத்தம், சீனி எல்லாம் கட்டணமின்றிப் பார்ப்பார்கள்.

கேள்வி: மனைவிக்குச் சீனி வருத்தம். கிளினிக்கில் கிளிக்கிளசைட்டும் எம்பாகிளிஃப்ளோசினும் கொடுக்கிறார்கள். நிறை குறையாததால், சோறு, மாவை அறவே குறைக்கும் கீட்டோ உணவுமுறையைத் தொடங்கப் போகிறாராம். செய்யலாமா?
– வாசகர், அக்கரைப்பற்று

பதில்: இந்த இரண்டு மருந்தோடு அவராகத் தொடங்கக் கூடாது. சோறும் மாவும் திடீரென்று நின்றால் கிளிக்கிளசைட் சீனியை அளவுக்கு மீறி இறக்கிவிடும். நடுக்கம், வியர்வை, தடுமாற்றம் வரும். இன்சுலின் போடுபவர்களுக்கும் இதே ஆபத்து. எம்பாகிளிஃப்ளோசின், டபாகிளிஃப்ளோசின் வகை மருந்தோடு மாச்சத்தை வெட்டினால் இரத்தம் அமிலமாகும் கீட்டோஅசிடோசிஸ் வரலாம். அப்போது சீனி அளவு பெரிதாக ஏறாமலே இருக்கும், வீட்டு மீற்றரைப் பார்த்து ஏமாந்துவிடுவீர்கள். வாந்தி, வயிற்று வலி, மூச்சு வாங்குதல் கண்டால் உடனே அவசர சிகிச்சைப் பிரிவுக்குக் கொண்டுபோங்கள், மருந்தின் பெயரையும் சொல்லுங்கள். மெட்போமின் மட்டும் எடுப்பவருக்கு இந்தச் சிக்கல் மிகக் குறைவு. அடுத்த கிளினிக் நாளில் "சோற்றைக் குறைக்கப் போகிறேன், மருந்தை எப்படி மாற்றுவது?" என்று முதலில் கேட்கச் சொல்லுங்கள்.

கேள்வி: நோன்பில் மூன்று கிலோ குறைகிறது, பெருநாள் கழிந்து மூன்று கிழமையில் திரும்பி வருகிறது. ஏன்?
– வாசகி, காத்தான்குடி

பதில்: குறைந்ததில் ஒரு பகுதி நீர், அது திரும்புவது இயல்பு. மீதிக்கு, நோன்பு திறக்கும் இப்தார் சாப்பாட்டைப் பாருங்கள். நோன்புக் கஞ்சி ஒரு கோப்பை பசிக்கு நல்லது. அதன் பிறகு வரும் ரோல்ஸும் சமூசாவும் சர்பத்தும்தான் பகல் முழுவதும் மிச்சம் பிடித்ததைத் திருப்பிக் கொடுக்கின்றன. பேரீச்சம்பழம், தண்ணீர், கஞ்சி எடுத்து, தொழுதுவிட்டு வந்து சோற்றையும் மீனையும் அளவாகச் சாப்பிடுங்கள். பெருநாள் விருந்தில் சகன் என்ற பெரிய தட்டில் பலர் சேர்ந்து சாப்பிடும்போது கை ஓயும் இடம் தெரியாது. தொடங்கும்போதே உங்கள் பங்கை உங்கள் முன் பிரித்து வையுங்கள். இரண்டாம் முறை இறைச்சி வைத்தால் அதில் சோறு சேர்க்காதீர்கள். போத்தல் பானம் வாங்கினால் போத்தலில் சிவப்பு அடையாளம் இருக்கிறதா என்று பாருங்கள்: 100 மில்லிலீற்றரில் 11 கிராமுக்கு மேல் சீனி என்று பொருள். 200 மில்லி குடித்தால் நாலு தேக்கரண்டி தாண்டிவிடும்.

கேள்வி: என் நிறை நின்றதற்குத் தைரொயிட்தான் காரணமா?
– வாசகி, கல்முனை

பதில்: களைப்பு, குளிர் தாங்காமை, மலச்சிக்கல், முடி கொட்டுதல் இருந்தால் தைரொயிட்டைக் காட்டும் டி.எஸ்.எச். இரத்தப் பரிசோதனை செய்யுங்கள். ஆனால் தைரொயிட் குறைவால் கூடும் நிறை பொதுவாக இரண்டு முதல் ஐந்து கிலோ, அதிலும் பெரும்பகுதி உப்பும் நீரும். பரிசோதனை சரியென்றால் தைரொயிட் மாத்திரையை நிறை குறைக்க எடுக்கக் கூடாது. இருதயத் துடிப்பைக் குழப்பும், எலும்பைக் கரைக்கும்.

கேள்வி: நிறை குறைக்கும் ஊசி பற்றி?
– வாசகர், சம்மாந்துறை

பதில்: செமாகுளுடைட் ஊசி வேலை செய்கிறது. முக்கிய ஆய்வில் 68 கிழமையில் சராசரியாக நூற்றுக்கு 15 வீதம் நிறை குறைந்தது. நிறுத்தியவர்களுக்கு ஓராண்டுக்குள் குறைந்ததில் மூன்றில் இரண்டு பங்கு திரும்பியது. ஆகவே நீண்ட காலச் செலவாகக் கணக்கிட்டுத்தான் இறங்க வேண்டும். போலி ஊசிகள் பற்றி உலக சுகாதார நிறுவனம் 2024 ஜூனில் எச்சரித்தது. வைத்தியரின் சீட்டில்லாமலோ, ஊசியைக் குளிரில் வைத்திராதவரிடமோ, தபாலிலோ வாங்காதீர்கள்.