யூரியா கட் பண்ணின டாரஸ், வாங்கலாமுங்களா?

சங்ககிரி வாசகர் ஒருத்தர் கேட்டிருக்காருங்க: 2021 மாடல் பிஎஸ்6 (2020ல வந்த புகை விதி) டாரஸ் லாரி ஒண்ணு விலைக்கு வருது, புரோக்கர் "யூரியாவ கட் பண்ணியாச்சுங்க, அந்தச் செலவே இனி இல்ல"ன்னு பெருமையாச் சொல்றாரு, வாங்கலாமா? எங்கப்பா லாரி ஓட்டுனப்ப இல்லாத சட்டமெல்லாம் திடீர்னு எங்கிருந்து வந்துச்சு? எங்கண்ணன் டிராக்டருக்கு யூரியாவே ஊத்தறதில்லையே?

வேண்டாமுங்க. அதே நிலைமைல இருந்தா வாங்காதீங்க. யூரியான்னா இங்க புகைய சுத்தம் பண்றதுக்கு தனி டேங்க்ல ஊத்தற யூரியா கரைசலுங்க, அது போகாமலே வண்டி ஓடற மாதிரி பண்றதுதான் "கட்".

சட்டம் ஒண்ணும் திடீர்னு வரல. டீசல் வண்டிக்கு புகை வரம்பு 1992லயே வந்துருச்சு, ஆனா அப்ப நம்ம பங்க்ல ஊத்துன டீசல்ல கந்தகமே 1 சதவீதம் வரைக்கும் இருந்துச்சு, அதாவது பத்து லட்சம் பங்குல பத்தாயிரம். கந்தகம் இருந்தா சைலன்சர்ல புகைய சுத்தம் பண்ண வைக்கற கேட்டலிஸ்ட் கெட்டுரும், அதனால டீசல சுத்தம் பண்ணாம வண்டிய மட்டும் மாத்தி பிரயோஜனமில்ல. 2005ல நாடு முழுக்க பிஎஸ்2 வந்தப்ப அந்தக் கந்தகம் 500, 2010ல பிஎஸ்3க்கு 350, 2017ல பிஎஸ்4க்கு 50, 2020 ஏப்ரல்ல பிஎஸ்6க்கு 10. பிஎஸ்5 எங்க போச்சுன்னு கேக்காதீங்க, அத விட்டுட்டு நேரா தாண்டிரலாம்னு 2016லயே முடிவு பண்ணிட்டாங்க. பெரிய வண்டி விடற நைட்ரஜன் ஆக்சைடும் பிஎஸ்4ல இன்ஜின் செய்யற ஒரு யூனிட் (கிலோவாட் மணி) வேலைக்கு 3.5 கிராம் வரைக்கும் போலாம்னு இருந்தது 0.46க்கு வந்துருச்சு, அந்த வாயுவ அடக்கறதுக்குத்தான் உங்க வண்டில யூரியா.

இப்ப புரோக்கர் சொல்ற "கட்"டுக்கு வருவோம். எமுலேட்டர்னு சின்னதா ஒரு பொட்டிய ஒயர்ல கோத்து விட்டுருவாங்க, இல்லாட்டி இசிஎம்ங்கற இன்ஜின் கம்ப்யூட்டரோட சாஃப்ட்வேரயே மாத்திருவாங்க, அது யூரியா நல்லாத்தான் போகுதுன்னு இன்ஜினுக்குப் பொய் சொல்லிட்டே இருக்கும். அதுக்கப்புறம் நைட்ரஜன் ஆக்சைட அளக்கற நாக்ஸ் சென்சர், யூரியா பம்ப் எல்லாம் தனியா கழட்டி வித்துக் காசாக்கற கூட்டமும் இருக்குதுங்க, திருப்பி மாட்டணும்னா லட்சத்துல செலவு, அது உங்க தலைல. ஓனரே வண்டிய இப்படி மாத்துனா ஒரு மாத்தத்துக்கு 5000 ரூபா அபராதம் இல்லாட்டி 6 மாசம் வரைக்கும் ஜெயில்னு 2019 திருத்தத்துல இருக்கு, புகைக்குத் தனியா 10,000 வரைக்கும்.

ஆனா புகை சர்டிபிகேட் இருக்கேன்னு காட்டுவாங்க. அந்த மிஷின் பாக்கறது கருப்பு எவ்வளவு அடர்த்தின்னு மட்டும்தானுங்க, நைட்ரஜன் ஆக்சைடுன்னு ஒண்ண அது பாக்கறதே இல்ல. சட்டத்த ஐரோப்பா ரேஞ்சுக்குப் போட்டுட்டு சோதனைய அந்தக் காலத்துலயே நிறுத்தி வெச்சா புரோக்கர் பொழைக்காம என்ன பண்ணுவான்?

நீங்களே பாக்கறதுக்கு ஒரு வழி சொல்றேன். இன்ஜின் ஆறியிருக்கறப்ப சைலன்சர் வாய்க்குள்ள வெள்ளத் துணிய விட்டுத் தொடைங்க. கரிய புடிச்சு வெக்கற டிபிஎஃப் ஃபில்டர் ஒழுங்கா இருக்கற பிஎஸ்6ல கரி பெருசா ஒட்டாது, துணி கன்னங்கரேல்னு வந்தா ஃபில்டர உள்ள நோண்டி எடுத்துட்டாங்கன்னு சந்தேகப்படுங்க. யூரியா மீட்டர் முள்ளு எத்தன ஓடுனாலும் ஒரே இடத்துல நின்னா அதுவும் பொய்தான்.

இன்னொரு வலை, "அசல் யூரியா எதுக்கு, நாங்களே கலக்கித் தர்றோம்"னு ஷெட்டுல டிரம்ல விக்கறது. தோட்டத்துக்குப் போடற மானிய யூரியாவ போர் தண்ணில கரைச்சு விடறாங்க. வேப்பெண்ணெய் பூசின யூரியாங்க அது, தண்ணில வேற உப்பு, யூரியாவ பீச்சற டோசிங் நாசில் வெள்ளையாப் படிஞ்சு அடைச்சுக்கும். மீட்டர் வெச்சு 32.5 சதவீதம் காட்டறோம் பாருங்கன்னு சொல்லுவாங்க, கலவை அளவு சரியா இருந்தா அது காட்டத்தான் செய்யும், அழுக்கு அதுல தெரியாது. மானிய யூரியாவ இதுக்குத் திருப்பறதே குத்தம். சீல் ஒடைக்காத கேன் மட்டும் வாங்குங்க.

அண்ணன் டிராக்டர் விஷயம், நெறைய பேர் இதுலதான் குழம்பறாங்க. டிராக்டருக்கு பிஎஸ்6 கிடையாது, டிரெம்னு தனி விதி. 2023 ஜனவரில புது டிரெம்4 வந்தது 50 எச்பிக்கு மேல இருக்கற புது டிராக்டருக்கு மட்டும், அதுக்குக் கீழ இருந்ததுக்கு அப்ப பழைய விதியேதான். 50க்கு மேலயும் யூரியாதான் வைக்கணும்னு விதி சொல்லல, அளவுக்குள்ள வரணும், எப்படி வர்றதுங்கறது கம்பெனி பாடு. பிஎஸ்4 லாரிலயே பாருங்க, டாடாவுக்கு யூரியா இருந்துச்சு, லேலண்ட் யூரியா இல்லாமலே ஓட்டிட்டாங்க. அதனால அவங்க ஊத்தல நான் ஏன் ஊத்தணும்ங்கற பேச்சு ஆர்டிஓகிட்ட எடுபடாது, உங்க வண்டி எதோட வந்துச்சோ அது வேலை செய்யணும், அவ்வளவுதான்.

வண்டி மேல ஆசைன்னா அட்வான்ஸ் குடுக்கறதுக்கு முன்னாடி கம்பெனி சர்வீஸ்ல விட்டு ஸ்கேன் ரிப்போர்ட் வாங்குங்க, கழட்டுனதெல்லாம் பழைய ஓனர் செலவுல மாட்டித் தரணும்னு எழுதி வாங்குங்க. ஸ்கேன்னு சொன்னதும் "வேற பார்ட்டி கைல காசோட நிக்கறாங்க"ன்னு புரோக்கர் அவசரப்படுத்துனா, அவங்களுக்கே குடுத்துரச் சொல்லுங்க.