எங்கள் பக்கத்து வாசலுக்கு மட்டும் பூட்டு: பூங்கா யாருக்குச் சொந்தம்?

கேள்வி: மதுரை மாவட்டத்தில் ஒரு நகராட்சியில் வசிக்கிறோம். அங்குள்ள பூங்காவுக்கு இரண்டு வாசல்கள். பட்டியல் இனத்தவர் வாழும் எங்கள் தெருப் பக்கத்து வாசல் பல மாதங்களாகப் பூட்டிக் கிடக்கிறது. சாவி எதிர்ப்பக்கக் குடியிருப்போர் சங்கத்திடம். சுற்றிக்கொண்டு முன்வாசலுக்குப் போகும் பிள்ளைகளை, "உங்கள் தெரு ஆட்களுக்கு இங்கே என்ன வேலை?" என்று விரட்டுகிறார்கள். பூட்டை உடைக்கலாம் என்கிறார்கள் இளைஞர்கள். என்ன செய்வது? – ஒரு வாசகி

பதில்: பூட்டை யாரும் தொட வேண்டாம். உங்கள் ஆத்திரம் நியாயமானது. ஆனால் பூட்டு உடைந்தால், புகார் கொடுக்க வேண்டிய நீங்கள் பொதுச் சொத்தைச் சேதப்படுத்திய வழக்கில் குற்றம் சாட்டப்பட்டவர்களாக நிற்பீர்கள்.

"எங்கள் மனைப்பிரிவுக்காக விட்ட இடம்" என்று சங்கத்தார் சொல்லக்கூடும். அப்படி ஒதுக்கப்பட்ட நிலமும் தானப் பத்திரம் வழியாக நகராட்சிக்கு வந்த பின் எல்லோருக்கும் பொது. செடிக்குத் தண்ணீர் ஊற்றுவதால் யாரும் உரிமையாளர் ஆகிவிட முடியாது.

அரசு நிதியில் பராமரிக்கப்படும் பொது இடங்களில் சாதியின் பெயரால் யாரையும் தடுக்கக் கூடாது என்கிறது அரசியலமைப்பின் 15(2) பிரிவு. பட்டியல் இனத்தவரைப் பொது இடத்துக்குள் நுழையவிடாமல் தடுப்பது 1989ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின்படி குற்றம். 6 மாதம் முதல் 5 ஆண்டு வரை சிறை.

பூட்டை மட்டும் காட்டினால், "இரவுப் பாதுகாப்புக்காகப் பூட்டினோம்" என்று நழுவிவிடுவார்கள். பிள்ளைகளை விரட்டியதுதான் உங்கள் வழக்கின் உயிர். எந்தத் தேதியில், யார், என்ன சொன்னார், யார் கேட்டார் என்று இன்றே எழுதி வையுங்கள். சொல்லாத வார்த்தை ஒன்றைக்கூடச் சேர்க்காதீர்கள். குறுக்கு விசாரணையில் அந்த ஒரு பொய் மற்ற உண்மைகளையும் சாய்த்துவிடும்.

சாவியை ஒப்படைத்த உத்தரவின் நகலை 10 ரூபாய் கட்டணத்தில் தகவல் உரிமைச் சட்டப்படி கேளுங்கள். 30 நாளில் பதில் தர வேண்டும். உத்தரவே இல்லை என்று பதில் வந்தால் உங்களுக்கு இன்னும் நல்லது. கூடவே நகராட்சி ஆணையருக்கும், திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்தில் ஆட்சியருக்கும் மனுக் கொடுத்து ஒப்புகை வாங்குங்கள். காவல் புகாருக்கு இவற்றுக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை, அதை டி.எஸ்.பி. நிலைக்குக் குறையாத அதிகாரி விசாரிக்க வேண்டும்.

நம் மாவட்டத்து உத்தப்புரத்தில் பட்டியல் இனத்தவரின் வழியை மறித்து 1989இல் எழுந்த சுவரில் பாதை திறக்க 2008 மே மாதம் வரை ஆயிற்று. அவ்வளவு காலம் உங்கள் பிள்ளைகள் காத்திருக்கக் கூடாது. அதிகாரிகள் அசையாவிட்டால் அவர்களுக்கு உத்தரவிடக் கோரி உயர் நீதிமன்ற மதுரைக் கிளையில் நீதிப்பேராணை (ரிட்) மனுப் போடலாம். பட்டியல் இனத்தவருக்கும் பெண்களுக்கும் வருமான வரம்பு பார்க்காமல் இலவச வழக்கறிஞர் உண்டு. மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் விண்ணப்பியுங்கள்.