கார் கம்பெனியான ஃபோர்டு மணிக்கு ஒரு குண்டுவீச்சு விமானத்தை எப்படித் தயாரித்தது?

நீங்கள் கேட்பது இரண்டாம் உலகப்போர்க் காலத்து வில்லோ ரன் ஆலையைப் பற்றி. அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் பி-24 லிபரேட்டர் என்ற குண்டுவீச்சு விமானத்துக்காகக் கட்டப்பட்டது அது.

1941 தொடக்கத்தில் ஃபோர்டின் உற்பத்தித் தலைவர் சார்லஸ் சோரன்சன், அந்த விமானத்தை வடிவமைத்த கன்சாலிடேட்டட் நிறுவனத்தின் சான் டியாகோ ஆலையைப் பார்க்கப் போனார். அங்கே இறுதிப் பொருத்தும் வேலை திறந்தவெளியில் நடந்தது. வெயிலில் உலோகம் விரியும், அளவு மாறும். கையால் சரிசெய்து சரிசெய்துதான் பொருத்த வேண்டும். விமானத்தைப் பெரிய பகுதிகளாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் தனியே முடித்து, கடைசியில் கார்களைப் போல நகரும் வரிசையில் சேர்க்கலாம் என்று சோரன்சன் திட்டம் போட்டார்.

அது உடனே கைகூடவில்லை. கார் தயாரிக்கும் முறைக்கு வடிவமைப்பு மாறாமல் இருக்க வேண்டும். போர்முனை அனுபவத்தால் வந்த மாற்றங்களுக்கோ முடிவே இல்லை. உலோகத் தகட்டை அழுத்தி வடிவம் கொடுக்கும் எஃகு அச்சுகளை எத்தனை முறைதான் திருத்துவது? ஆட்களும் போதவில்லை. 1942 முழுக்கத் தடுமாற்றம்தான்.

அப்புறம் மாற்றங்களைத் தொகுதி தொகுதியாகச் சேர்த்துப் புகுத்தினார்கள். சிலவற்றை விமானம் ஆலையை விட்டு வந்தபிறகு வேறு மையங்களில் செய்தார்கள். பெண்கள் பெருமளவில் வேலைக்கு வந்தார்கள். நகரும் வரிசையைவிட இந்த ஏற்பாடுகளைத்தான் நான் பெரிய சாதனை என்பேன். 1944-இல் உச்சத்தில் சுமார் 63 நிமிடத்துக்கு ஒரு விமானம்! மொத்தம் 8,000-க்கு மேல். அதில் ஒரு பகுதி, வேறு ஆலைகளில் பொருத்துவதற்காகப் பாகங்களாகவே போனது.