கௌபாய் துப்பாக்கி செட் வாங்கலாமா? முதலில் ஆகஸ்ட் 31-ஐக் குறித்துக்கொள்ளுங்கள்

கேள்வி: எனக்கு வயது 43. டாலஸ் அருகே பிளேனோவில் எச்-1பி விசாவில் வேலை பார்க்கிறேன். சிவகாசியில் அச்சான கௌபாய் காமிக்ஸ் படித்து வளர்ந்தவன். பக்கத்து வீட்டுப் பெரியவர் மாதந்தோறும் கௌபாய் துப்பாக்கிப் போட்டிக்குப் போவார். கௌபாய் உடையில், பழங்கால பாணித் துப்பாக்கிகளால் இரும்புத் தகடுகளைச் சுடும் போட்டி அது. கூடப் போய் வேடிக்கை பார்த்ததில் எனக்கும் ஆசை வந்துவிட்டது. இப்போது முழங்கால் வலியால் அவர் ஒதுங்கிவிட்டார். தன் துப்பாக்கிகளை விற்றுத் தரச் சொல்லி ஓர் ஏஜெண்டிடம் கொடுத்திருக்கிறார். இரண்டு ரிவால்வர், லீவரை இழுத்துத் தோட்டா ஏற்றும் லீவர் ரைஃபிள், ஷாட்கன், தோல் பெல்ட், துப்பாக்கிகளை வைத்துத் தள்ளிப்போகும் தள்ளுவண்டி எல்லாம் சேர்த்து 7,000 டாலர் கேட்கிறார் ஏஜெண்ட். ‘வேட்டை லைசென்ஸ் எடுத்தால் போதும், விசா ஒரு பிரச்சினையே இல்லை’ என்கிறார். ஆனால் போட்டிக்கு வருகிறவர்களில் பெரும்பாலோர் எழுபதைத் தொட்டவர்கள். பத்து வருடத்தில் இந்தப் பொழுதுபோக்கே இருக்காது என்று நண்பர்கள் கேலி செய்கிறார்கள். பணத்தைப் போடலாமா?

பதில்: பத்து ஆண்டுகளில் அழிந்துவிடாது. சுருங்கும். ஆனால் உங்கள் 7,000 டாலருக்கு ஆபத்து வருவது உங்கள் விசாவிலிருந்தும் அந்த ஏஜெண்டிடமிருந்தும்தான். விசாவை முதலில் முடித்துவிடுவோம். அதில் தவறினால் மற்றக் கேள்விகளுக்கே வேலை இல்லை.

அமெரிக்க மத்திய சட்டப்படி, தற்காலிக விசாவில் இருப்பவர் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருக்கக் கூடாது. எச்-1பி, அவர் குடும்பத்துக்கான எச்-4, நிறுவன இடமாற்றத்துக்கான எல்-1, மாணவருக்கான எஃப்-1, ஊரிலிருந்து வரும் அப்பா அம்மாவின் சுற்றுலா விசா எல்லாம் இதில் அடக்கம். வைத்திருப்பது என்றால் காசு கொடுத்து வாங்கி வீட்டில் வைப்பது என்று நம்மவர்கள் நினைத்துக்கொள்கிறார்கள். பெரியவர் தன் ரிவால்வரை நீட்டி ‘ஒரு தரம் சுட்டுப் பார்’ என்று கொடுக்க, நீங்கள் கையில் வாங்கினாலே சட்டத்தின் கண்ணில் அது வைத்திருப்பதுதான். ரேஞ்சில், அதாவது சுடும் களத்தில், வாடகைக்கு எடுப்பதும் அப்படியே. 2022-க்குப் பிறகு இதற்கு அதிகபட்சத் தண்டனை 15 ஆண்டு. நாடுகடத்தல் தனி.

டெக்சஸில் 2021 செப்டம்பரிலிருந்து அனுமதிச் சீட்டே இல்லாமல் கைத்துப்பாக்கி கொண்டுபோகலாமே என்று யாராவது சொல்வார்கள். அது மாநிலச் சட்டம். துப்பாக்கி வைத்திருக்க ஏற்கெனவே தகுதி உள்ளவருக்கு மட்டும். உங்கள் விசாவுக்கு அதனால் ஒரு பயனும் இல்லை.

ஏஜெண்ட் சொன்ன வேட்டை லைசென்ஸ் விலக்கு உண்மைதான். ஏதாவது ஓர் அமெரிக்க மாநிலம் முறைப்படி கொடுத்த, காலாவதியாகாத வேட்டை லைசென்ஸ் உங்களிடம் இருந்தால் இந்தத் தடை நீங்குகிறது. டெக்சஸ்வாசிக்கு அது 25 டாலர் சமாச்சாரம். 1971 செப்டம்பர் 2 அன்றோ அதற்குப் பிறகோ பிறந்தவர் வேட்டைக்காரர் பயிற்சியும் முடித்திருக்க வேண்டும். உங்கள் வயதில் ஆன்லைனிலேயே முடிக்கலாம். இதுவரை ஏஜெண்ட் வாய் நிறையச் சொல்வார். அடுத்த வரியை விழுங்கிவிடுவார்: டெக்சஸில் வேட்டை லைசென்ஸ் ஆண்டு ஆகஸ்ட் 31-உடன் முடிகிறது. ஜூலையில் எடுத்திருந்தாலும் அன்றோடு சரி. செப்டம்பர் 1 காலையில் புது லைசென்ஸ் இல்லையென்றால், பீரோவில் பூட்டிக் கிடக்கும் நான்கு துப்பாக்கிகளும் பரணில் இருக்கும் தோட்டாப் பெட்டியும் உங்கள் மேல் வழக்காக மாறத் தயாராக இருக்கும். நீங்கள் அவற்றைத் தொடாவிட்டாலும்கூட.

ஆகஸ்டில் குடும்பத்தோடு ஊருக்குப் போகிறவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். வீடு பூட்டியிருக்கும், துப்பாக்கி உள்ளே இருக்கும், லைசென்ஸ் மட்டும் செத்துப் போயிருக்கும். அடுத்த ஆண்டு லைசென்ஸ் ஆகஸ்ட் நடுவிலேயே விற்பனைக்கு வந்துவிடுகிறது. வந்த அன்றே எடுங்கள். பழையவற்றைத் தூக்கி எறியாதீர்கள். ஒரு நாள்கூட இடைவெளி விழவில்லை என்று பின்னாளில் எந்த அதிகாரியிடமாவது காட்ட வேண்டி வந்தால் அந்தத் தாள்கள்தான் சாட்சி. உங்கள் மனைவி எச்-4 என்றால் அவருக்குத் தனி லைசென்ஸ் வேண்டும். உங்கள் லைசென்ஸ் அவரைக் காக்காது, பீரோச் சாவி அவரிடம் இருந்தால் சிக்கல் அவருக்கும் வரலாம். அப்பா வந்தால் தொப்பி வைத்து, ரைஃபிளைத் தோளில் சாய்த்து, வாட்ஸ்அப்பில் படம் போட ஆசைப்படுவார். தொப்பியோடு நிறுத்திவிடுங்கள். சட்டத்தில் வேறு சில விலக்குகளும் உண்டு. தூதரக அதிகாரிகளுக்கும் அவர்களைப் போன்றவர்களுக்குமானவை, உங்களுக்கு ஆகாது.

எரிச்சலாகத்தான் இருக்கிறது. இரும்புத் தகட்டைச் சுட நினைக்கும் ஒரு மென்பொருள் பொறியாளர், வாழ்நாளில் சுடப்போகாத மானுக்கும் புறாவுக்கும் ஆண்டுதோறும் காசு கட்டிக்கொண்டிருக்க வேண்டும். வேலைவாய்ப்புக் கிரீன் கார்டில் ஒரு நாட்டுக்கு 7 சதவீத உச்சவரம்பு வைத்து நம்மவர்களைப் பத்தாண்டுக்கு மேல் வரிசையில் நிறுத்தியிருக்கிறார்கள். வரி கட்டும்போது இந்த ஊர்க்காரர், துப்பாக்கிக் கடையில் விருந்தாளி. இதை மாற்ற யாருக்கும் அவசரம் இல்லை.

‘வேறு யாராவது குடியுரிமைக்காரர் பெயரில் வாங்கிக்கொள்ளலாம்’ என்று ஏஜெண்ட் அடுத்துச் சொல்வார். பேச்சை அந்த இடத்திலேயே முடித்துக்கொள்ளுங்கள். கடையில் நிரப்பும் படிவம் 4473, ‘உண்மையில் வாங்குபவர் நீங்கள்தானா’ என்று நேராகக் கேட்கிறது. பினாமிக் கொள்முதலுக்கும் 15 ஆண்டு வரை சிறை. இன்னொன்று: அடுத்தவர் துப்பாக்கியைக் கமிஷனுக்கு விற்பதைத் தொழிலாகவே செய்பவருக்கு மத்திய அரசின் டீலர் உரிமம் இருக்க வேண்டும். உரிமத்தைக் காட்டச் சொல்லுங்கள். காட்டாமல் மழுப்பினால் பெரியவரிடமே நேரில் பேசி, உரிமம் உள்ள கடை ஒன்றில் வைத்து எழுத்துமூலம் மாற்றிக்கொள்ளுங்கள். கடை சிறு கட்டணம் கேட்கும். எச்-1பி என்றதும் கையை விரிக்கும் கடைகளும் உண்டு, அடுத்த கடைக்குப் போங்கள். தாள் இல்லாத கைமாற்று டெக்சஸில் மற்றவர்களுக்குச் சௌகரியம். உங்களுக்குத் தாள்தான் கவசம்.

இனி உங்கள் உண்மையான கவலைக்கு வருகிறேன். இந்தப் போட்டி 1980-களின் தொடக்கத்தில் கலிபோர்னியாவில் பிறந்தது. 1987-ல் சிங்கிள் ஆக்‌ஷன் ஷூட்டிங் சொசைட்டி அமைந்தது, ‘சாஸ்’ என்பார்கள். சேர்ந்தவர்கள் 1950, 60-களின் தொலைக்காட்சி கௌபாய் தொடர்களைப் பார்த்து வளர்ந்த பையன்கள். அவர்களுக்குத்தான் இப்போது முழங்கால் வலி. விதிப்புத்தகத்தைப் புரட்டினாலே தெரியும்: 49 வயது, 60, 65, 70, 75 என்று மூத்தோர் பிரிவுகள் மேலே மேலே அடுக்கியிருக்கிறார்கள். உறுப்பினர் எண் ஒரு லட்சத்தைத் தாண்டியது என்று பெருமையாகச் சொல்வார்கள். அது வரிசை எண். இறந்தவரும் விலகியவரும் அதற்குள்ளேயே இருக்கிறார்கள். அதை வைத்து எதிர்காலத்தைக் கணிக்க முடியாது.

உங்கள் கிளப்பின் ஆயுளைக் கணிக்க நான் ஒரு வழி வைத்திருக்கிறேன். போட்டி ஒன்பது மணிக்கு என்றால் ஏழு மணிக்கே போய் நில்லுங்கள். கொட்டகையிலிருந்து எஃகுத் தகடுகளையும் தாங்கிக் கால்களையும் யார் தூக்கி வருகிறார்கள் என்று பாருங்கள். ஒவ்வொரு தகடும் கனம்; வெயில் ஏறுவதற்குள் ஐந்தாறு சுற்றுக்கான களத்தை அமைத்தாக வேண்டும். தூக்குகிறவர்களில் ஐம்பதுக்குக் கீழ் இரண்டு மூன்று பேர் இருந்தால் அந்தக் கிளப் பத்தாண்டு ஓடும். எழுபது வயதுக்காரர் இருவர் மட்டும் தூக்கினால், அவர்களில் ஒருவருக்கு இதய அறுவை சிகிச்சை நடக்கும்வரைதான் ஓடும். அப்படியே ரேஞ்ச் நிலம் சொந்தமா குத்தகையா என்றும் கேளுங்கள். டாலஸ் வடக்கே எப்படி மனை போடுகிறார்கள் என்று உங்களுக்கே தெரியும்.

கிளப் மூடினாலும் துப்பாக்கி வீணாகாது. போட்டியில் பெரும்பாலோர் பயன்படுத்தும் .38, .357 தோட்டா அளவு லீவர் ரைஃபிளுக்கு வெளியிலும் கிராக்கி உண்டு. துப்பாக்கி நிறுவனமான ரெமிங்டன் 2020-ல் திவாலானபோது அதன் வசமிருந்த மார்லின் பெயரை ரூகர் நிறுவனம் வாங்கி, 2023-ல் மார்லினின் 1894 மாதிரி லீவர் ரைஃபிளை மீண்டும் சந்தைக்குக் கொண்டுவந்தது. சாகும் பொருளுக்கு யாரும் அப்படிப் பணம் போட மாட்டார்கள். விற்க முடியாமல் தேங்குவது தள்ளுவண்டி, உடை, மற்றவர் இடுப்பளவில் தைத்த தோல் பெல்ட். இவற்றுக்குத்தான் உங்கள் ஏஜெண்ட் ஆயிரக்கணக்கில் விலை வைத்திருப்பார்.

பெரியவர்கள் ஒவ்வொருவராக ஒதுங்குவதால் பழைய செட்டுகள் சந்தைக்கு வந்துகொண்டே இருக்கின்றன. இது வாங்குபவரின் காலம். இத்தாலியில் செய்த 1873 மாதிரி ரைஃபிள், ரூகர் வக்கேரோ ரிவால்வர் இரண்டு, இரட்டைக்குழல் ஷாட்கன் ஆகியவற்றைப் புதிதாகவே வாங்கினாலும் சுமார் 4,000 டாலரில் அடங்கும். பழையதற்கு 7,000 எதற்கு? ‘சாம்பியன் கையால் ட்யூன் செய்தது’ என்பார்கள். ட்யூன் என்றால் பெரும்பாலும் ஸ்பிரிங்கை மெலிதாக்கி, லீவர் போய்வரும் தூரத்தைக் குறைத்திருப்பார்கள். வேகம் கூடும், ஆனால் தோட்டாவின் அடியில் இருந்து அதை வெடிக்கவைக்கும் ப்ரைமர் சற்றுக் கடினமான ரகமாக இருந்தால் டிக் என்ற சத்தம் மட்டும் வரும், வெடிக்காது. போட்டியில் பத்து ரிவால்வர் குண்டு, பத்து ரைஃபிள் குண்டு, நான்கு ஷாட்கன் குண்டு என்று ஒரு சுற்று ஓடும்போது, தவறும் ஒவ்வொரு குண்டுக்கும் ஐந்து விநாடி அபராதம். எந்த ப்ரைமரில் வெடிக்கிறது என்று பெரியவரிடம் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். 2020 தட்டுப்பாட்டுக்குப் பிறகு ப்ரைமர் விலை பழைய நிலைக்குத் திரும்பவே இல்லை. மாதாமாதம் கையைக் கடிப்பது துப்பாக்கி அல்ல, அதுதான்.

தங்க முலாம் பூசிய ‘நினைவுப் பதிப்பு’ வின்செஸ்டர் ரைஃபிளைச் செட்டோடு சேர்த்துத் தலையில் கட்டப் பார்ப்பார்கள். 1966-ன் நூற்றாண்டுப் பதிப்பு மட்டும் ஒரு லட்சத்துக்கு மேல் செய்யப்பட்டது; அதில் என்ன அபூர்வம்? போதாததற்கு அது .30-30 என்ற ரைஃபிள் தோட்டா ரகம். பிரதானப் போட்டியில் கைத்துப்பாக்கித் தோட்டா ரைஃபிள்தான் செல்லும். அதைக் கொண்டு நீங்கள் நின்று சுடவே முடியாது.

ஆக, நான் செய்யச் சொல்வது: பயிற்சியை முடித்து லைசென்ஸை எடுங்கள். குடியேற்ற வழக்கறிஞரிடம் ஒரு முறை காட்டுங்கள். பிறகு ஆறு மாதம் இரவல் துப்பாக்கியிலேயே சுடுங்கள். கேட்டால் தராத கௌபாயை நான் பார்த்ததில்லை. அதன் பிறகும் ஆசை குறையாவிட்டால் பெரியவரின் நான்கு துப்பாக்கிகளுக்கு மட்டும் 3,000 சொல்லிப் பாருங்கள். அதற்கு மேல் போகாதீர்கள். வேலை போனால் எச்-1பிக்குப் பொதுவாக 60 நாள்தான் அவகாசம். துப்பாக்கியை இந்தியாவுக்குக் கொண்டுபோக நினைக்க வேண்டாம். அந்த அவசரத்தில் விற்றால் பாதிதான் தேறும். எவ்வளவு போனால் தாங்குவீர்களோ அவ்வளவுதான் போடலாம்.

ரேஞ்சுக்குக் கொண்டுபோகும் பையை ஒருநாளும் ஊர்ப் பயணத்துக்கு எடுக்காதீர்கள். தையல் ஓரத்தில் ஒற்றைத் தோட்டா தங்கிவிடும், கண்ணுக்குப் படாது. சென்னை விமான நிலைய எக்ஸ்ரேயில் படும். அங்கே வேட்டை லைசென்ஸ் செல்லாது.