நெஃப்ராஸ்டமி பையில் சிறுநீர் இறங்கவில்லை என்றால்

அப்பாவின் முதுகு வழியாகச் சிறுநீரகத்தில் வைத்த நெஃப்ராஸ்டமி டியூப்பில் காலையிலிருந்து எதுவும் வரவில்லை, ஆனால் பாத்ரூம் போகிறாரே என்று கேட்டிருக்கிறீர்கள். அது மற்ற சிறுநீரகத்தின் வேலையாக இருக்கலாம். அதை நம்பிச் சும்மா இருக்க வேண்டாம்.

பிளாஸ்டரைப் பிரிக்காமல் டியூப்பை மேலிருந்து கீழ்வரை விரலால் தடவிப் பாருங்கள். மல்லாந்து படுத்ததில் இடுப்புக்கு அடியில் மடங்கியிருக்கும், அடிக்கடி நடப்பது இதுதான். டியூப்பில் மூன்றுவழித் திருகு (ஓட்டத்தைத் திறந்து மூடும் சின்னத் திருகு) இருந்தால், டிரெஸ்ஸிங் மாற்றும்போது தெரியாமல் மூடும் பக்கம் திரும்பியிருக்கலாம். பை இடுப்புக்குக் கீழேயே தொங்க வேண்டும். முட்ட நிரம்பிய பையும் ஓட்டத்தை நிறுத்திவிடும்.

இதெல்லாம் சரியாக இருந்தும் வரவில்லையா? உள்ளே ரத்தக்கட்டி அடைத்திருக்கும், இல்லை டியூப் நழுவியிருக்கும். நர்ஸ் கற்றுக்கொடுத்திருந்தால் மட்டும் 5 மி.லி. ஸ்டெரைல் சலைனை (கிருமி நீக்கிய உப்பு நீர்) டியூப்புக்குள் மெதுவாக விடுங்கள். தடுத்தால் அழுத்தவே கூடாது. அழுத்தினால் தேங்கிய சிறுநீரின் கிருமி ரத்தத்தில் ஏறிவிடலாம்.

அப்படியும் வராவிட்டால் இன்றே டியூப் போட்ட ரேடியாலஜி பிரிவுக்குப் போங்கள். டியூப் கழன்றே வந்துவிட்டால் திரும்பச் சொருகாதீர்கள், உடனே கிளம்புங்கள். புதுத் துளை சில மணி நேரத்திலேயே மூட ஆரம்பிக்கும். குளிர் நடுக்கத்தோடு காய்ச்சல் வந்தால் நேராக எமர்ஜென்சிதான், இரவு இரண்டு மணியானாலும்.