டெம்ப்ஸ்டர் நெடுஞ்சாலையில் மோட்டார் சைக்கிள் பயணம்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்

கேள்வி: நானும் என் மைத்துனரும் பல ஆண்டுகளாகத் தென்னாப்பிரிக்காவின் டிராக்கன்ஸ்பெர்க் மலைப்பகுதியிலும் லெசோத்தோவிலும் மோட்டார் சைக்கிள் ஓட்டி வருகிறோம். கனடாவின் வைட்ஹார்ஸ் நகரத்திலிருந்து டெம்ப்ஸ்டர் நெடுஞ்சாலை வழியாக ஆர்க்டிக் கடற்கரையிலுள்ள டுக்டோயாக்டுக் வரை சென்று திரும்ப விரும்புகிறோம். ஆடி மாதம் கோயிலில் கூழ் ஊற்றி முடிந்த பிறகே புறப்பட முடியும்; புரட்டாசி விரதம் தொடங்குமுன் வீடு திரும்பிவிட வேண்டும். இந்த இடைவெளி போதுமா? எதை முதலில் திட்டமிட வேண்டும்?
— வாசகர், சாட்ஸ்வொர்த்

பதில்: தாராளமாகப் போதும். சொல்லப்போனால், தங்களுக்கு வாய்த்திருக்கும் ஆவணி மாதமே அந்தச் சாலைக்கு ஏற்ற காலம் என்பது என் கருத்து. ஜூனிலும் ஜூலையிலும் ஆளைத் தூக்கிச் செல்வதுபோல் மொய்க்கும் கொசுக்கள் ஆகஸ்டின் பிற்பாதியில் குறைந்துவிடும். டூம்ஸ்டோன் மலைச்சரிவுகளில் புதர்கள் சிவந்து நிற்கும். ஆனால் இரவில் வெப்பநிலை உறைநிலையைத் தொடக்கூடும். மலைப்பகுதியில் பனி பெய்தாலும் வியப்பதற்கில்லை. டெம்ப்ஸ்டர் முடியும் ஊரான இனுவிக்கில் மே மாதக் கடைசியிலிருந்து ஜூலை நடுப்பகுதி வரை மறையாமல் நிற்கும் சூரியனையும் தாங்கள் காண இயலாது.

முதலில் திட்டமிட வேண்டியது பெட்ரோல். டாசன் நகரிலிருந்து சுமார் 40 கி.மீ. கிழக்கே டெம்ப்ஸ்டர் பிரிகிறது. அங்கிருந்து 369ஆவது கி.மீ.யில் உள்ள ஈகிள் பிளெயின்ஸ் விடுதிதான் வழக்கமாக எரிபொருள் கிடைக்கும் இடம். சாலை பிரியும் முனையில் பெட்ரோல் கிடைக்கும் என்று நம்பிப் போகாமல் டாசனிலேயே நிரப்பிக்கொண்டால், இடையில் 410 கி.மீ. ஓட வேண்டும். 100 கி.மீ.க்கு ஐந்தரை லிட்டர் குடிக்கும் வண்டிக்கு இது இருபத்திரண்டரை லிட்டர் ஆகிறது. எதிர்க்காற்று அடித்தால் இந்தக் கணக்கும் பிசகும். எனவே தொட்டியும் கூடுதல் கேனும் சேர்த்து 27 லிட்டருக்குக் குறையாமல் இருக்கட்டும். ஈகிள் பிளெயின்ஸைக் கடந்தபின் ஃபோர்ட் மக்பர்சன், அதன்பின் இனுவிக் என ஏறக்குறைய 180 கி.மீ. இடைவெளிகளில் எரிபொருள் உண்டு. டாசனை விட்டுக் கிளம்பும் முன், ஈகிள் பிளெயின்ஸில் இருப்பு உள்ளதா என்று தொலைபேசியில் கேட்டுக்கொள்ளுங்கள்.

இரண்டாவது, நாள் கணக்கு. வைட்ஹார்ஸிலிருந்து டாசன் சுமார் 530 கி.மீ.; டெம்ப்ஸ்டர் சந்திப்பிலிருந்து இனுவிக் சுமார் 740; அங்கிருந்து 2017 நவம்பரில் திறக்கப்பட்ட புதிய சாலை வழியாக டுக்டோயாக்டுக் 138. போக வர ஏறத்தாழ 2,900 கி.மீ. தாளில் பார்த்தால் ஏழு நாள் ஓட்டம்தான். ஆனால் பீல் ஆற்றையும் மக்கென்சி ஆற்றையும் கடக்கப் பாலம் கிடையாது. கோடையில் அரசு நடத்தும் இலவச வாகனப் படகுகள் ஓடுகின்றன. மேல்மலையில் பெருமழை பெய்து நீர் உயர்ந்தாலோ மிதக்கும் மரங்கள் வந்தாலோ அவை நிற்கும். படகு நின்றால் கரையில் காத்திருப்பதைத் தவிர வேறு வழியில்லை, மாற்றுச் சாலையும் இல்லை. ஆகவே 12 நாள்களுக்குக் குறையாமல் ஒதுக்குங்கள். திரும்பும் விமானச் சீட்டை, கூடுதல் கட்டணமானாலும், தேதி மாற்றத்தக்கதாக வாங்குங்கள்.

இதை வற்புறுத்துவதற்கு அந்தச் சாலையின் வரலாற்றிலேயே ஒரு காரணம் உண்டு. 1910 டிசம்பரில் காவல் அதிகாரி ஃபிட்ஸ்ஜெரால்டு மூன்று பேருடன் ஃபோர்ட் மக்பர்சனிலிருந்து டாசனுக்கு நாய்ச்சறுக்கு வண்டிகளில் புறப்பட்டார். வேகமாகச் சென்று சேர வேண்டும் என்ற ஆவலில் உணவைக் குறைவாக எடுத்துக்கொண்டதோடு, வழி அறிந்த க்விச்சின் இனத்தவரையும் பாதியிலேயே அனுப்பிவிட்டார். வழி தவறிய நால்வரும் ஃபோர்ட் மக்பர்சனுக்குத் திரும்ப முயன்று இறந்தனர். அவர்களைத் தேடிச் சென்று உடல்களைக் கண்டெடுத்த டெம்ப்ஸ்டரின் பெயரே சாலைக்கு வைக்கப்பட்டது.

கைப்பேசி இணைப்பு ஊர்களுக்கு அருகில் மட்டுமே கிடைக்கும் என்பதால், செயற்கைக்கோள் வழியாகச் செய்தி அனுப்பும் கருவி ஒன்று கட்டாயம் வேண்டும். அதை இருவரில் ஒருவர் பெட்டியில் வைக்காமல் சட்டைப்பையில் வைத்துக்கொள்ளுங்கள். வண்டி பள்ளத்தில் விழுந்து கிடக்கையில் பெட்டியைத் திறப்பது எளிதல்ல.

கேள்வி: சொந்த வண்டியை டர்பன் துறைமுகத்திலிருந்து அனுப்பலாமா, அங்கே வாடகைக்கு எடுக்கலாமா?
— வாசகர், பீனிக்ஸ்

பதில்: மூன்று வாரப் பயணத்துக்கு வண்டியைக் கப்பலேற்றுவது பணத்துக்கும் பொறுமைக்கும் கேடு. கனடாவில் இறங்கும் வாகனத்தில் மண் துளியும் ஒட்டியிருக்கக் கூடாது என்ற விதியும் உண்டு. வாடகை வண்டியே மேல். ஆனால் சரளைச் சாலையில் ஓட்டுவதைத் தடைசெய்யும் ஒப்பந்தங்கள் பல உள்ளன, டெம்ப்ஸ்டரைப் பெயர் சொல்லியே விலக்குபவையும் உண்டு. ஆதலால் அந்தச் சாலைக்கு அனுமதி என்று எழுத்தில் பெற்ற பிறகே முன்பணம் கட்டுங்கள். பெரிய வண்டிதான் வேண்டும் என்று பிடிவாதம் பிடிக்க வேண்டாம். தனியாளாகத் தூக்கி நிமிர்த்த முடியாத வண்டியை அந்த வனாந்தரத்துக்கு எடுத்துப் போவதில் எனக்கு உடன்பாடில்லை. 650 சிசி போதும்.

கேள்வி: அவ்வளவு வளமுள்ள நாடு அந்தச் சாலைக்குத் தார் போடாதது ஏன்?
— வாசகர், பீட்டர்மாரிட்ஸ்பர்க்

பதில்: அங்கே தரைக்கடியில் ஆண்டு முழுவதும் உறைந்தே கிடக்கும் மண் இருக்கிறது, அதில் பனிக்கட்டியும் கலந்திருக்கிறது. கருந்தார் வெயிலை உறிஞ்சிக் கீழே செலுத்தினால் அந்தப் பனி உருகும், சாலை அமிழும். அதனால் ஒன்றிலிருந்து இரண்டரை மீட்டர் வரை உயரமான சரளை மேடு எழுப்பி, வெப்பம் கீழே இறங்காமல் காக்கிறார்கள். 1959இல் தொடங்கிய பணி இடையில் பல ஆண்டுகள் நின்று 1979 ஆகஸ்டில்தான் முடிந்தது.

ஓட்டுபவருக்கு இதனால் இரண்டு தொல்லைகள். ஒன்று, சில பகுதிகளில் சரளை கத்திபோல் கூரான பாறைத்துண்டுகளாக இருக்கும். புது டயரும், பஞ்சர் ஒட்டும் பொருள்களும், காற்றடிக்கும் சிறு பம்பும் கையில் இருக்க வேண்டும். மற்றொன்று, புழுதி அடங்கவும் மேற்பரப்பு இறுகவும் கால்சியம் குளோரைடு தூவுகிறார்கள். காய்ந்திருக்கும்போது அது தார்ச்சாலைக்கு நிகராக ஓடும். மழையில் நனைந்தாலோ வழுக்கத் தொடங்கும், சேறு ரேடியேட்டரை அடைத்து இயந்திரத்தைச் சூடேற்றும். மழை பிடித்தால் முன்பிரேக்கைத் தொடாமல் வேகத்தைக் குறைத்து ஓட்டுங்கள்; ஊர் வந்ததும் வண்டியைக் கழுவுங்கள். மேட்டின் விளிம்பு இளகியிருப்பதால், எதிரே லாரி வந்தாலும் ஓரத்துக்கு ஒதுங்கி நிற்காதீர்கள். பயிற்சிக்கு நம் லெசோத்தோ சரளைச் சாலைகளில் மழைக்காலத்தில், முழுச்சுமையுடன் ஓட்டிப் பழகுவது நல்லது. 2,876 மீட்டர் உயரமுள்ள சானி கணவாய் குளிருக்குப் பழக்கும்.

கேள்வி: நாங்கள் சைவம். அங்கே உண்ண என்ன கிடைக்கும்? கரடிகள் உணவைத் தேடி வரும் என்கிறார்களே?
— வாசகி, லெனேசியா

பதில்: விடுதிகளில் முட்டை, ரொட்டி, உருளைக்கிழங்கு தவிர அதிகம் எதிர்பார்க்க வேண்டாம், இனுவிக்கில் கடைகள் உண்டு, விலை கண்ணைக் கட்டும். அவல், புளிக்காய்ச்சல், பருப்புப் பொடி, சத்துமாவு ஆகியவை எடை குறைந்தவை, கெடாதவை. உணவு அனைத்தையும் விமான நிலையச் சுங்கத்தில் மறைக்காமல் அறிவியுங்கள். பச்சைக் கறிவேப்பிலையும், உடன் வருபவர்களின் பில்டாங் என்னும் உலர்ந்த இறைச்சியும் வீட்டிலேயே இருக்கட்டும்.

கரடி விஷயத்தில் அவர்கள் சொல்வது உண்மையே. கூடாரத்திலிருந்து 100 மீட்டர் தள்ளிச் சமையுங்கள். உணவோடு பற்பசையையும் கூடாரத்துக்குள் வைக்காதீர்கள், ஏனெனில் மணம் எதுவானாலும் கரடிக்கு அழைப்புதான். கரடிக்கான மிளகாய்த் தெளிப்பானை விமானத்தில் கொண்டு செல்ல முடியாது, வைட்ஹார்ஸில் வாங்கிக்கொள்ளுங்கள்.

கேள்வி: ஆவணங்கள் எவை தேவை?
— வாசகர், மெரிபேங்க்

பதில்: தென்னாப்பிரிக்கக் கடவுச்சீட்டுக்குக் கனடா விசா முன்னதாகவே வேண்டும், மாதக்கணக்கில் இழுக்கலாம் என்று எண்ணி விண்ணப்பியுங்கள். ஓட்டுநர் உரிமம் 125 சிசிக்கு மேற்பட்ட வண்டிக்கான ஏ பிரிவாக இருக்க வேண்டும். பன்னாட்டு ஓட்டுநர் அனுமதியை ஆட்டோமொபைல் சங்கத்தில் பெறலாம். பயணக் காப்பீட்டில் மோட்டார் சைக்கிள் விபத்தும் வானூர்தி மீட்பும் அடங்குமா, எத்தனை சிசி வரை அடங்கும் என்று எழுத்தில் கேளுங்கள். கனடாவில் வலப்பக்கம் ஓட்ட வேண்டும். போக்குவரத்துள்ள நகரில் இது மறக்காது. ஆளில்லாச் சாலையில், பெட்ரோல் நிரப்பிவிட்டுக் கிளம்பும் முதல் நிமிடத்தில்தான் கை இடப்பக்கம் திருப்பும். தொட்டியின் மீது அம்புக்குறி ஒன்றை ஒட்டிவைத்துக்கொள்ளுங்கள்.